திரை தானாகச் சுழலும் லினக்ஸ் லேப்டாப்: பூட்டுவதா, மாஸ்க் செய்வதா, திருத்துவதா?

லேப்டாப்பைச் சற்றுச் சாய்த்ததும் திரை பக்கவாட்டில் திரும்பிவிடும். மௌஸை ஒரு பக்கம் நகர்த்தினால் அம்புக்குறி வேறு பக்கம் போகும். நிமிர்த்தி வைத்தாலும் சில சமயம் தலைகீழாகவே நிற்கும். லினக்ஸ் போட்ட லேப்டாப்களில் இது பழைய தொல்லை, இன்னும் முழுதாகத் தீர்ந்தபாடில்லை. நம் இராமநாதபுரம் கரையோரத்தில் இது கூடுதலாகவே படுத்துகிறது, ஏனென்றால் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் லேப்டாப் ஒரு மேசையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற நேரம் குறைவு. ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டிமேல் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், கடல்பாசிக் குழுவில் வரவுசெலவு எழுதும் அக்காமார் மடியில் வைத்துத் தட்டுகிறார்கள், காலேஜ் பிள்ளைகள் இராமேசுவரம் பஸ்ஸில் மடியில் வைத்தே ப்ராஜெக்ட் முடிக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும்போதுதான் பலர் இதைச் சரிசெய்யவே நினைக்கிறார்கள், அப்போது தேடினால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள்.

வழிகள் பல இருப்பது உண்மை. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் வேலை செய்வதில்லை, ஒன்று மேலே நிறுத்துகிறது, ஒன்று நடுவில், ஒன்று அடியில். எதை எடுப்பது என்பதற்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடி பின்னால் முழுதாக மடங்காத சாதாரண லேப்டாப் என்றால் நடுவில் ஓடும், சாய்வைச் சொல்லும் சென்சார் சேவையை மாஸ்க் செய்துவிடுங்கள், அதாவது யார் எழுப்பினாலும் எழாதபடி முடக்கிவிடுங்கள், வேறெதுவும் தேவையில்லை. டேப்லெட் மாதிரி மடக்கக்கூடிய லேப்டாப் என்றால் அதை மாஸ்க் செய்யாதீர்கள், சென்சார் தவறான திசை சொல்கிறதா என்று பார்த்துத் திருத்துங்கள், அதுவரைக்கும் டெஸ்க்டாப்பில் இருக்கும் சுழற்சிப் பூட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். சென்சாரைப் படிக்கும் டிரைவரையே தடைசெய்வது கடைசிக் கட்டம்.

அதற்கு முன்னால் திரையை நேராக்க வேண்டுமே. தலைகீழ்த் திரையில் மௌஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். லேப்டாப்பையே கையில் தூக்கி மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், எந்த நிலையில் படம் நேராகிறதோ அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு விண்டோஸ் பட்டனோடு ஓ எழுத்தை அழுத்துங்கள். க்னோம் என்ற டெஸ்க்டாப்பில் (டெஸ்க்டாப் என்பது நாம் பார்க்கும் திரைச்சூழல்) சுழற்சிப் பூட்டுக்கான குறுக்குவழி அதுதான். அது பிடிக்கவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். டெஸ்க்டாப் எப்படித் திரும்பியிருந்தாலும் அது நேராகவே இருக்கும், அங்கே லாகின் செய்து ஆணைகளை நிம்மதியாக அடிக்கலாம்.

அந்த எழுத்துத் திரையும் பக்கவாட்டில்தான் தெரிகிறது, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே லினக்ஸ் சின்னம் சாய்ந்துதான் வருகிறது என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். உங்கள் பிரச்சினை சுழற்சியே அல்ல. சில சின்ன லேப்டாப்களில் டேப்லெட்டுக்குச் செய்த நெட்டுவாக்குத் திரையைப் படுக்கவைத்துப் பொருத்தியிருப்பார்கள், அப்படிப்பட்ட மாடல்களின் பட்டியல் ஒன்று லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, உங்கள் மாடல் அதில் இல்லாததால் அப்படி வருகிறது. அதற்குப் பூட் நேரத்தில் கெர்னலுக்குத் திரையின் திசையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கீழே சொல்லப்போகிற எதுவும் அதற்கு உதவாது.

சரி, இது எப்படி நடக்கிறது? லேப்டாப்புக்குள் ஆக்சிலரோமீட்டர் என்ற சின்னச் சில்லு இருக்கிறது, பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அது அளக்கிறது. கெர்னலில் இருக்கும் டிரைவர் அதைப் படிக்கிறது. அந்த எண்களை ஐஐஓ சென்சார் ப்ராக்ஸி என்ற பின்னணிச் சேவை வாங்கி, நேராக, தலைகீழாக, இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் மேலே என்ற நான்கு நிலையில் ஒன்றாக மாற்றிச் சொல்கிறது. க்னோம், பிளாஸ்மா, சின்னமன் போன்ற டெஸ்க்டாப் அதைக் கேட்டுத் திரையைத் திருப்புகிறது. சில்லு, டிரைவர், சேவை, டெஸ்க்டாப் என்று நான்கு படி. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஆனால் எவ்வளவு கீழே போகிறீர்களோ அவ்வளவு வேறு விஷயங்களும் சேர்ந்து நிற்கும்.

மடங்காத லேப்டாப்பில் இந்தச் சில்லு எதற்கு என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. அது திரைக்காக வைத்ததே அல்ல. சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்த காலத்தில் லேப்டாப் கைநழுவி விழுந்தால் டிஸ்க்கின் முள் தட்டில் மோதி டேட்டா போய்விடும், அதனால் விழுவதை முன்கூட்டியே உணர்ந்து முள்ளை ஒதுக்கிவைக்க ஒரு சென்சார் வைத்தார்கள். ஐபிஎம் 2003இல் திங்க்பேட் லேப்டாப்களில் இதைக் கொண்டுவந்தது, பிறகு எச்பி, டெல் எல்லாம் தங்கள் பெயரில் வைத்தார்கள். இந்தச் சென்சார் கீபோர்டு இருக்கும் அடிப்பாகத்தில் இருக்கிறது, திரையில் இல்லை. மடியில் வைத்து அடிப்பாகம் கொஞ்சம் சாய்ந்தாலே, திரை திரும்பிவிட்டது என்று டெஸ்க்டாப் நினைத்துக்கொள்கிறது. இது லினக்ஸ் உலகத்துக்குத் தெரியாத விஷயமல்ல. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு வரும் வன்பொருள் தகவல் கோப்பில், எச்பி லேப்டாப்களின் இந்த வகைச் சென்சார் அடிப்பாகத்தில் இருக்கிறது, இதை நம்பித் திரையைத் திருப்பாதே என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பழைய பதிப்பு போட்டிருந்தாலோ, உங்கள் மாடல் அந்த வரியில் அடங்காவிட்டாலோதான் சிக்கல்.

உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிக்க, சென்சார் எண்களை நேரடியாகப் பார்ப்பதுதான் சரியான சோதனை. பெரும்பாலும் அவை சிஸ் அடைவில் ஐஐஓ டிவைஸ் என்ற இடத்தில் (/sys/bus/iio/devices) எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று கோப்பாக இருக்கும், எச்பியின் விழுதல் சென்சாரில் மட்டும் position என்ற ஒரே கோப்பில் மூன்றும் சேர்ந்திருக்கும். லேப்டாப்பை மேசையில் வைத்து மூடியை மட்டும் முன்னும் பின்னும் அசையுங்கள். எண் மாறினால் சென்சார் திரையில் இருக்கிறது. மூடியை எவ்வளவு அசைத்தாலும் எண் அப்படியே நின்று, லேப்டாப்பையே தூக்கிச் சாய்க்கும்போது மட்டும் மாறினால் அது அடிப்பாகத்துச் சென்சார். அப்புறம் டெர்மினலில் மானிட்டர் சென்சார் (monitor-sensor) என்று சேவையோடு வரும் சின்ன ஆணையை ஓட்டுங்கள், இடையில் ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். லேப்டாப்பை நேராகப் பிடித்திருக்கும்போது அது நேராக என்று சொல்ல வேண்டும். தலைகீழ் என்றோ பக்கவாட்டு என்றோ சொன்னால், சில்லைத் திருப்பிப் பொருத்தியிருக்கிறார்கள். வெளிச்ச சென்சார் இருக்கிறதா இல்லையா என்றும் அதே ஆணை சொல்லும், அது பின்னால் தேவைப்படும்.

இனி வழிகளைப் பார்ப்போம். மேலே இருப்பது டெஸ்க்டாப்பின் பூட்டு. க்னோமில் மேல் வலது மூலை மெனுவில் ஒரு பட்டன், பிளாஸ்மாவில் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஒரு தேர்வு, லினக்ஸ் மின்ட்டின் சின்னமனில் டிஸ்ப்ளே செட்டிங்குக்குள் தானியங்கிச் சுழற்சியை நிறுத்தும் ஒரு சுவிட்ச். அட்மின் பாஸ்வேர்டு வேண்டாம், ஒரு நொடியில் முடியும், வேண்டாமென்றால் அதே நொடியில் எடுத்துவிடலாம். இதில் பிளாஸ்மா செய்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்: டேப்லெட் நிலையில் இருக்கும்போது மட்டும் திருப்பு என்று சொல்லிவைக்கலாம், மடக்கும் லேப்டாப் வைத்திருப்பவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

பூட்டின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அது அந்த ஒரு பயனருக்கு மட்டும்தான். ஒரே லேப்டாப்பில் குழுவின் செயலாளருக்கு ஒரு லாகின், பொருளாளருக்கு ஒரு லாகின் என்று இருந்தால் இருவரும் தனித்தனியாகப் பூட்ட வேண்டும். லாகின் திரை வேறொரு பயனராக ஓடுவதால் உங்கள் பூட்டு அதற்குச் செல்லாது. உள்ளே நேராக இருக்கும், பாஸ்வேர்டு கேட்கும் திரை மட்டும் தலைகீழாக நிற்கும், பூட்டு வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னொன்று, பூட்டும்போது திரை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் பூட்டும். சாய்ந்தபடி பூட்டினால் சாய்ந்தபடியே நிற்கும்.

"அண்ணே, அந்தப் பட்டனையே காணோமே" என்று கேட்பவர்களும் உண்டு. சமீப வருடங்களில் வந்த க்னோம் பதிப்புகள் டச் ஸ்க்ரீனும் இருந்து, டேப்லெட் போலப் பயன்படுத்துகிற நிலையிலும் இருந்தால்தான் திரையைத் திருப்பும், பட்டனையும் அப்போதுதான் காட்டும். ஆகவே டச் இல்லாத லேப்டாப்பில் பழைய உபுண்டு லினக்ஸ் திருப்பிக்கொண்டிருந்தால், புதிய பதிப்புக்கு மாறுவதே ஒரு தீர்வு. நான் இதைப் பலருக்குச் சொல்கிறேன், எப்படியும் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன பதிப்பில் வங்கிக் கணக்கும் ஏலக் கணக்கும் பார்ப்பது நல்லதல்ல. சின்னமன் இந்த அளவு யோசிப்பதில்லை, சென்சார் சொன்னால் திருப்பிவிடும், அதனால்தான் மின்ட் போட்டவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள்.

அடுத்தது சேவையை நிறுத்துவது, மடங்காத லேப்டாப்புக்கு என் சிபாரிசு. ஆணையை வாயால் சொல்வதுபோல எழுதுகிறேன்: சூடோ, சிஸ்டம்சிடிஎல், மாஸ்க், பிறகு ஐஐஓ கோடு சென்சார் கோடு ப்ராக்ஸி (sudo systemctl mask iio-sensor-proxy). மாஸ்க் என்ற சொல் முக்கியம். ஸ்டாப் என்று போட்டால் அப்போதைக்கு நிற்கும், மறுமுறை ஆன் செய்ததும் வந்துவிடும். டிசேபிள் என்று போட்டால் பல லேப்டாப்களில் ஒன்றுமே நடக்காது, ஏனென்றால் இந்தச் சேவை பூட் பட்டியலில் இருந்து கிளம்புவதில்லை, சென்சார் கண்ணில் பட்டதும், வன்பொருளைக் கவனிக்கும் உடெவ் என்ற நிரல் இதை எழுப்புகிறது. மாஸ்க் செய்தால் யார் எழுப்பினாலும் எழுந்திருக்காது. ஓடிக்கொண்டிருப்பது ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் ஸ்டாப்பும் சேர்த்துப் போடுங்கள், அல்லது ரீஸ்டார்ட் செய்யுங்கள். எல்லாப் பயனருக்கும் பொருந்தும், லாகின் திரைக்கும் பொருந்தும், அப்டேட் வந்தாலும் கலையாது, சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டால் மட்டும் போய்விடும். திரும்ப வேண்டுமென்றால் அதே வரியில் அன்மாஸ்க்.

இதற்கு ஒரு விலை உண்டு, நம் ஊரில் அதை யோசிக்கத்தான் வேண்டும். அதே சேவைதான் வெளிச்ச சென்சாரையும் படிக்கிறது. வெளிச்சத்துக்கு ஏற்ப திரை தானாகப் பிரகாசம் கூடிக் குறைகிற வசதி உங்கள் லேப்டாப்பில் இருந்தால் மாஸ்க் செய்ததும் அது நின்றுவிடும். பாம்பன் இறங்குதளத்தில் மத்தியான வெயிலில் திரை தெரியாமல் தவிக்கிறவருக்கு அது சின்ன இழப்பல்ல. ஆனால் விலை குறைந்த லேப்டாப் பலவற்றில் வெளிச்ச சென்சாரே கிடையாது, மேலே சொன்ன மானிட்டர் சென்சார் ஆணை இல்லை என்று காட்டியிருந்தால் யோசிக்காமல் மாஸ்க் செய்யலாம். இருக்கிறது என்று காட்டினால் கடைசியில் சொல்லும் திருத்தத்துக்குப் போங்கள்.

மாஸ்க் செய்வதற்குப் பதிலாகப் பேக்கேஜையே நீக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பலன் ஒன்றுதான், ஆனால் சில டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) வேறு பேக்கேஜ்கள் இதைச் சார்ந்து நிற்கும், எதையெல்லாம் சேர்த்து நீக்கப்போகிறது என்ற பட்டியலைப் படிக்காமல் ஆம் என்று அழுத்திவிட்டால் டெஸ்க்டாப்பின் ஒரு பகுதியே போய்விடும். மாஸ்க் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு.

டிரைவரைத் தடைப்பட்டியலில் போடுவது இன்னும் கீழே. எச்பி ஆக்செல் (hp_accel) என்ற டிரைவர் பெயரை மாட்ப்ரோப் அடைவில் (/etc/modprobe.d) ஒரு கோப்பில் எழுதி, பூட் நேரத்தில் முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, ரீஸ்டார்ட் செய்தால் சென்சார் கெர்னலுக்கே தெரியாமல் போகும். சுழற்சி நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் டிஸ்க் பாதுகாப்புக்கான அந்த விழுதல் சென்சாரும் சேர்ந்து போகிறது. எஸ்எஸ்டி மாற்றியவருக்குக் கவலையில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கோடு, அதற்கான பின்னணி நிரலும் ஓட்டி, படகில் கொண்டுபோகிறவர் இதைச் செய்யவே கூடாது. மடக்கும் லேப்டாப்களில் வேறு டிரைவர்கள், பெயர் தெரியாமல் எதையாவது தடைசெய்தால் வேறேதாவது படுத்துவிடும். சேவையை மாஸ்க் செய்தும் திரும்புகிற அபூர்வமான லேப்டாப்புக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

லாகின் ஆனதும் திரையை நேராக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எக்ஸ்ரேண்டர் என்ற ஆணையை வைத்து எழுதி ஓட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சென்சார் திருப்பத் திருப்ப ஸ்கிரிப்ட் ஒருமுறைதான் நேராக்கும், டச் ஸ்க்ரீனில் விரல் படும் இடமும் அம்பு இருக்கும் இடமும் பொருந்தாது, வேலண்ட் என்ற புதிய திரை முறையில் இது வேலையே செய்யாது. எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்புக்கு மாறுவதும் ஒரு வழிதான், அது தானாகத் திருப்புவதில்லை. பழைய, மெமரி குறைந்த லேப்டாப்பில் எப்படியும் அதுதான் நன்றாக ஓடும், அந்தக் காரணத்துக்காக மாறுங்கள், சுழற்சிக்காக மட்டும் மாற வேண்டாம்.

இப்போது மடக்கும் லேப்டாப். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இவை அதிகம், வளைகுடாவிலிருந்து வரும் மாமாவோ காக்காவோ பிள்ளைகளுக்கு வாங்கிவருவது பெரும்பாலும் இந்த வகைதான். படம் வரைய, குறிப்பெழுத டேப்லெட்டாக மடக்குவது அவர்களுக்குத் தேவை. அதில் சேவையை மாஸ்க் செய்து கொடுத்துவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை, பணம் கொடுத்து வாங்கிய வசதியில் பாதியைப் பிடுங்கிவிடுகிறோம். சென்சார் தவறான திசை சொல்கிறது என்று சோதனையில் தெரிந்தால் அதைத் திருத்தலாம், கஷ்டமில்லை.

எட்சி அடைவுக்குள் உடெவ், அதற்குள் எச்டபிள்யூடிபி டாட் டி (/etc/udev/hwdb.d) என்ற இடத்தில் 61 என்று தொடங்கும் பெயரில் ஒரு கோப்பு. முதல் வரி உங்கள் சென்சாரின் அடையாளமும் லேப்டாப்பின் கம்பெனி, மாடல் பெயரும் சேர்ந்தது. சிஸ்டம்டியோடு வரும் 60 என்று தொடங்கும் சென்சார் கோப்பைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் உதாரணங்கள் இருக்கும், உங்கள் மாடலுக்குப் பக்கத்து மாடலைப் பார்த்து அதே வடிவில் எழுதுங்கள். இரண்டாவது வரி ஓர் இடைவெளி விட்டுத் தொடங்க வேண்டும், இதை விட்டால் கோப்பு வேலை செய்யாது. அதில் ஆக்செல் மவுன்ட் மேட்ரிக்ஸ் (ACCEL_MOUNT_MATRIX=) என்ற பெயருக்கு எதிரே ஒன்பது எண்கள். எப்போதும் தலைகீழாகச் சொல்கிற சென்சாருக்கு -1, 0, 0; 0, -1, 0; 0, 0, 1. பக்கவாட்டில் சொல்வதற்கு 0, 1, 0; -1, 0, 0; 0, 0, 1 போட்டுப் பாருங்கள். போட்டபின் தலைகீழாக மாறிவிட்டால் திசை எதிராகப் போய்விட்டது என்று அர்த்தம், 0, -1, 0; 1, 0, 0; 0, 0, 1 என்று மாற்றினால் சரியாகிவிடும். கோப்பைச் சேமித்து, சிஸ்டம்டி எச்டபிள்யூடிபி அப்டேட் (sudo systemd-hwdb update) ஆணையை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மடங்காத லேப்டாப்பில் வெளிச்ச சென்சார் வேண்டும், சுழற்சி வேண்டாம் என்றால் இதே கோப்பில் மேட்ரிக்ஸுக்குப் பதிலாக ஆக்செல் லொகேஷன் என்பதற்கு பேஸ் (ACCEL_LOCATION=base) என்று ஒரு வரி எழுதினால் போதும். சென்சார் அடிப்பாகத்தில் இருக்கிறது என்று சேவை புரிந்துகொண்டு சுழற்சியை மட்டும் விட்டுவிடும், வெளிச்சத்தைத் தொடர்ந்து படிக்கும். எல்லா வழியிலும் சுத்தமான வழி இதுதான். முதலிலேயே இதைச் சொல்லாததற்குக் காரணம், முதல் வரியை எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும், போனில் கேட்டு அடிக்கிறவருக்கு மாஸ்க் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

திரை திரும்புவதோடு கீபோர்டும் டச்பேடும் சேர்ந்து செத்துப்போனால் கதை வேறு. லேப்டாப் தான் டேப்லெட்டாக மடங்கியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது, அந்த நிலையில் லிப்இன்புட் என்ற உள்ளீட்டு நிரல் கீபோர்டை நிறுத்திவிடும், மடக்கிய பின் பின்பக்கத்துப் பட்டன் தவறி அமுங்கக் கூடாது என்பதற்காக. இங்கே பூட்டோ மாஸ்க்கோ திரையை நிறுத்தும், கீபோர்டைக் கொண்டுவராது. மூடி மடங்கியிருப்பதைப் பல லேப்டாப்கள் காந்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன, அதனால் முதலில் காந்தம் வைத்த போன் கவரோ, வேறொரு லேப்டாப்போ மேலேயோ கீழேயோ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள், எடுத்ததும் சரியாகிவிடுவது உண்டு. அது இல்லையென்றால் இன்டெல் விபட்டன் (intel_vbtn) என்ற டிரைவர் தவறாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதைத் தடைசெய்தால் கீபோர்டு திரும்பும், ஆனால் சில மாடல்களில் பவர் பட்டனும் வால்யூம் பட்டனும் அதே டிரைவர் வழியாகத்தான் வருகின்றன. ஆகவே முதலில் புதிய கெர்னலுக்கு மாறிப் பாருங்கள், டேப்லெட் நிலையை நம்பத்தக்க மாடல்களில் மட்டும் ஏற்கும்படி அதைத் திருத்தியிருக்கிறார்கள்.

எச்டபிள்யூடிபி வரி எழுதி உங்கள் லேப்டாப் சரியாகிவிட்டால் அந்த இரண்டு வரியையும் சிஸ்டம்டி திட்டத்தின் கிட்ஹப் பக்கத்தில் கொடுங்கள். ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பில் சேர்ந்துவிடும், அதே மாடல் வைத்திருக்கிற தொண்டிப் பையனுக்கும் தேவிபட்டினம் டீச்சருக்கும் புதிதாக லினக்ஸ் போட்ட அன்றே திரை நேராக நிற்கும், அவர்கள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. கொடுக்கும்போது மாடல் பெயரை லேப்டாப்பின் ஸ்டிக்கரைப் பார்த்து எழுதாமல், லேப்டாப்பே தன்னைப் பற்றிச் சொல்லும் டிஎம்ஐ தகவலில் இருந்து அப்படியே எடுத்துப் போடுங்கள், இரண்டும் பல லேப்டாப்களில் வேறு வேறாக இருக்கும்.